மூன்று கதவுகளுக்கும் ஒரே கட்டளை

என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். இதை நான் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. பதிமூன்று வருஷம் கூட இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தாபோடியில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் அவர் யார் யாரை அடித்தார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர் என்பது அதற்கப்புறம்தான் வரும்.

அடி அவருக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரி. என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மராட்டி ஊருக்கு, ராணுவ ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் வேலைக்கு வந்தவர். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து இடுப்பு பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டால் மூன்று பிள்ளைகளும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்களாம். பதினாலு வயதில் ஒரு நாள் சவரிமுத்து மட்டும் போகாமல் நின்று, வீசிய பெல்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார். அப்பன் தடுமாறி எரிகிற ஸ்டவ்வின் மேல் விழுந்தார். முழங்கை வெந்துபோனது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வெளியில் போய் அடித்தார்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரி. தொண்ணூற்றாறில் கல்யாணமாகி தாபோடிக்கு வந்தேன். மூன்றாவது மாதம், அவர் அம்மாவைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, கன்னத்தில் ஒன்று விழுந்தது. கையில் சப்பாத்திக் கட்டை இருந்தது. யோசிக்கவே இல்லை. திருப்பி அவர் தோளில் போட்டேன், கழுத்தெலும்பு விண்டுவிட்டது. ஆபீசில் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார். அதன் பிறகு என் மேல் அவர் கை வைத்ததில்லை. ஆனால் அந்த அறையை நான் இன்றுவரை மன்னிக்கவும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் வாகட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். மற்றவர்களுடைய சர்வர்களைத் தங்கள் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி. ஆஸ்பத்திரி, கடை, பத்திரிகை என்று எல்லோருடைய இணையதளமும் அந்த இரண்டாவது மாடியில் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்த ஆறு மாதத்தில், மும்பையிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் கெட்ட வார்த்தை சொன்னார் என்று, அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்து இரும்பு ரேக்கில் முகத்தை மோதிவிட்டார். புருவத்தில் மூன்று தையல். வேலை செய்யாமல் உறைந்துபோன சர்வரை எட்டி உதைத்து நசுக்கியது வேறு கணக்கு. முதலாளி மகாதேவன் சென்னைக்காரர், குரல் உயர்த்தாத மனுஷன். வேறு யாராக இருந்தாலும் அன்றே வெளியே அனுப்பியிருப்பார். ஆனால் இவரை விட்டால் அந்த மெஷின்களை ஒழுங்காகப் புரிந்துகொள்ள ஆள் கிடையாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். மனிதர்களையே பார்க்காமல் செய்கிற வேலையாகப் பார்த்து இவருக்குக் கொடுத்தார்.

அந்த வேலை என்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். பெரிய சர்வர் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் மேனேஜ்மென்ட் கார்டு என்று ஒன்றைச் செருகுவார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்குத் தனி மூளை, தனி ஒயர். சர்வர் செத்துக் கிடந்தாலும் கார்டு விழித்திருக்கும். வீட்டில் இருந்தபடி டெலிபோன் லைனில் மோடம் வழியாக உள்ளே போய், கருப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுதினால், கார்டு அந்த சர்வரை எழுப்பும், அணைக்கும். சூடு எவ்வளவு, காற்றாடி சுற்றுகிறதா, யாராவது மூடியைக் கழற்றினார்களா என்று எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வைக்கும், அவசரமென்றால் மொபைலுக்கு மெசேஜும் அனுப்பும். இவர் அதற்கு உள்ளாள் என்று பெயர் வைத்திருந்தார். கை வைக்க ஆள் கிடைக்காத இடத்தில் இவர் நல்லவராகிவிட்டார் என்று மகாதேவன் சந்தோஷப்பட்டார். நானும் பட்டேன்.

அந்த மாடியில் இவருக்குக் கைகால் மாதிரி இருந்தது முகமது இஸ்மாயில். காயல்பட்டினத்துப் பையன், இருபத்தைந்து வயது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் புது மனைவியோடு குடியிருந்தான். எந்த சர்வரில் கை வைக்க வேண்டுமோ அதன் நீல விளக்கை இவர் இங்கிருந்து மினுக்குவார். இஸ்மாயில் அங்கே அதைப் பார்த்துப் போய் வேலையை முடிப்பான். சர்வர் ரூமுக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது என்று கம்பெனியில் சட்டம். அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு பாதி அந்த விளக்கில்தான் நடந்தது.

இஸ்மாயிலுக்கு ஆஸ்துமா. சர்வர் ரூம் குளிர் ஒத்துக்கொள்ளாமல், அடிக்கடி பின்கதவைத் திறந்து, தீயணைப்பு சிலிண்டரை முட்டுக்கொடுத்துவிட்டு, பின்மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குவான். அப்படித் திறந்து கிடந்த ஒரு நாளில் நாலு மெமரி கார்டு காணாமல் போனது. சவரிமுத்து வாகட்டுக்குப் போய், காவலாளிகள் பார்க்க இஸ்மாயிலை ஓங்கி அறைந்தார். காதோரம் வீங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பின்கதவைத் தன் அடையாள அட்டைக்கு மட்டும் திறக்கும்படி மாற்றினார். ஆபத்தில் கண்ணாடியை உடைத்தால் கதவு திறக்கும் பச்சைப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. அதன் ஒயரையும் வெட்டிவிட்டார். பெட்டி மட்டும் சுவரிலேயே இருந்தது. மெமரி கார்டு வைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் மேக்னெட் பூட்டுப் போட்டார். எல்லாப் பூட்டும் ஒரே ஒரு மெஷினின் பிடியில். அதை யாரும் தொடக்கூடாது என்று வெளி நடையில், கூரையை ஒட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கோபத்தில் செய்த வேலை. ஆனால் மகாதேவனிடம் காட்டியபோது பாராட்டுதான் கிடைத்தது.

இரண்டாயிரத்து நாலு, மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். மூன்றேமுக்கால் இருக்கும், மொபைலில் மெசேஜ் வந்தது. மூன்றாம் நம்பர் சர்வரின் மூடி திறக்கப்பட்டது என்று உள்ளாள் சொல்லியிருந்தது. இஸ்மாயில் சொல்லாமல் கொள்ளாமல் எதையோ பிரிக்கிறான் என்று திட்டிக்கொண்டே எழுந்துபோய் மோடத்தைப் போட்டார். திரை வந்தது. மூன்றாம் நம்பர் மூடி, நாலாம் நம்பர் மூடி. மூன்றாம் நம்பரில் இரண்டு காற்றாடியும் நின்றுவிட்டது. ஐந்தாம் நம்பர் பதிலே இல்லை. அவை வரவேற்பறையை ஒட்டி, சோதனைக்காக வெளியில் வைத்திருந்த மெஷின்கள். ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் பின்னால் நின்று பார்த்தேன். அடி விழுவது கேட்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி மட்டும் வந்தது.

அந்நேரம் மொபைல் அடித்தது. கம்பெனிக் காவலாளி ஒருவன், மராட்டிக்காரன், எங்கோ ஓடிக்கொண்டே இந்தியில் மூச்சிரைத்தான். ஏதோ ஒரு கம்பெனியின் வேன், சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை வாகட் முனையில் அடித்துவிட்டதாம். பெண் அங்கேயே போய்விட்டாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது சாவு. எந்தக் கம்பெனி வேன் என்று ஊர்க்காரர்கள் விசாரிக்கவில்லை, கண்ணாடி போட்ட முதல் கட்டடத்தில் ஏறிவிட்டார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும், இரும்புக் கம்பி, கல், பெட்ரோல் கேன். கீழே நின்ற டிரைவர் ஒருவனைக் காலை உடைத்துப் போட்டுவிட்டார்களாம். வரவேற்பறையில் சோபாக்களைக் குவித்துத் தீ வைத்துவிட்டார்களாம். அந்த ஊரின் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். நிலத்தையும் கொடுத்து, பிள்ளைகளையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கம்பிகளுக்கு முன்னால் இருந்தது இஸ்மாயில்.

சவரிமுத்து எழுந்து பைக் சாவியை எடுத்தார். முகம் அவருடைய பழைய முகமாகிவிட்டது. நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"போயி எத்தன பேர அடிப்பீங்க? உங்க கையி அங்க வேண்டாம். இங்கயே உக்காருங்க."

என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சாவியைச் சுவரில் விட்டெறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் மொபைலில் போலீஸ் நம்பர் நூறுக்கு அடித்து, தெரிந்த மராட்டியில் கத்தினேன். வண்டி புறப்பட்டாயிற்று, சாலையில் மறியல் செய்கிறார்கள், வருவோம் என்றார்கள்.

சர்வர் ரூமுக்குள்ளிருந்த மெஷின்கள் இன்னும் உயிரோடு இருந்தன. மோடமும் அந்த ரூமில்தான் இருந்தது, பின்சுவர் வழியாக வரும் தனி லைன். இவர் ஒரு சர்வரின் நீல விளக்கை மினுக்கினார். அதன் திரையை இங்கிருந்தே பிடித்தார். நாம் இங்கே அடிப்பது அங்கே மானிட்டரில் தெரியும், அங்கே அடிப்பது இங்கே தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தார்: "லேய் இஸ்மாயில்". அந்த மெஷினுக்கு எல்லாமே கட்டளைதான். அப்படி ஒரு கட்டளை தனக்குத் தெரியாது என்று கீழே பதில் எழுதியது. மறுபடி அடித்தார். மறுபடி தெரியாது என்றது. மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"அண்ணே நீங்களா"

"நான்தாம்ல. அடி பட்டுச்சா"

"இல்ல. முன்கதவ இடிக்காங்க. புகை உள்ள வருது. பின்கதவு திறக்கல. பச்சைப் பெட்டிய உடைச்சிட்டேன் அப்பவும் திறக்கல"

ஒவ்வொரு வரிக்கும் கீழே மெஷின் தனக்குத் தெரியாது, தெரியாது என்று எழுதிக்கொண்டே வந்தது. சவரிமுத்து அடித்தார்.

"ஒயர நான்தாம்ல வெட்டினேன்"

பின்கதவை மட்டும் திறக்க முடியுமா என்று நான் கேட்டேன். முடியும், ஆனால் ஒவ்வொரு கதவாகத் திறக்கும் நிரல் வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் இருந்தது, அது இப்போது எரிகிறது என்றார். மிச்சமிருந்தது நடையில் இரும்புப் பெட்டிக்குள் இருந்த கதவு மெஷின். அதற்குள்ளும் ஓர் உள்ளாள் உண்டு. அதனிடம் இரண்டே வார்த்தைதான் செல்லும், அணை, எழுப்பு. அணைத்தால் மேக்னெட் எல்லாம் பிடியை விட்டுவிடும். சர்வர் ரூமின் முன்கதவும் திறக்கும், பின்கதவும் திறக்கும். முன்னால் கம்பியோடு ஆட்கள் நிற்கிறார்கள். இஸ்மாயிலுக்குப் பத்து விநாடி கிடைத்தால் பின்மாடிப்படியில் இறங்கிவிடுவான்.

முன்கதவுக்குக் குறுக்கே பேட்டரி டிராலியைத் தள்ளச் சொன்னார். தள்ளிவிட்டதாக அவன் எழுதினான். நீல விளக்கு அணைந்ததும் பின்கதவைத் தோளால் முட்டி ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எழுதினார். சரி என்றான். சவரிமுத்து அணைக்கும் கட்டளையைப் பாதி அடித்திருப்பார். பழக்கதோஷத்தில், மாடியில் வேறு யாராவது உண்டா என்று கேட்டார்.

"ஜம்பு அண்ணன். ஸ்டோர் ரூம்ல போயி பூட்டிக்கிட்டாரு. வெளிய நிக்கவங்களுக்குத் தெரியாது"

ஜம்பு இன்னொரு காவலாளி, ஆரணிக்காரர், ஐம்பது வயது இருக்கும், மொபைல் கிடையாது. அவர் மனைவி சின்னம்மா தாபோடி ஸ்டேஷன் பக்கத்தில் இட்லி விற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கும் அவள் இட்லிதான்.

சவரிமுத்து கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்குப் புரியவில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்றேன். அந்த ஸ்டோர் ரூம் நடையின் நடுவில், அந்தக் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கதவில் எழுத்து கிடையாது, பிடி கிடையாது, சுவர் நிறத்திலேயே பெயின்ட். தாழ்ப்பாளும் கிடையாது, மேக்னெட் ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேக்னெட் விட்டால் அந்தக் கதவு தானாக ஒரு சாண் திறந்துகொள்ளும், அதன் கீல் அப்படி. உள்ளே ஒரு சின்ன ஜன்னல் உண்டு, ஜம்புவுக்கு மூச்சுக்குப் பயமில்லை. திறக்காமல் இருந்தால் போலீஸ் வரும்வரை அவர் பத்திரம். திறந்தால் இஸ்மாயில் பிழைப்பான். மூன்று கதவுக்கும் கட்டளை ஒன்றுதான்.

"போலீஸ் வந்துரும்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, திரையிடம் சொன்னார்.

உட்கார்ந்திருந்தோம். உள்ளாளிடம் சூட்டைக் கேட்டார். முப்பத்தொன்று. கொஞ்சம் கழித்து முப்பத்தாறு. அந்த ரூம் எப்போதும் இருபத்திரண்டில் இருக்கும். நான் மறுபடி நூறுக்கு அடித்தேன். வருகிறார்கள் என்றார்கள். நாற்பத்தொன்று. அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்து முழங்காலுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அடிக்க ஆளில்லாத கை. முன்கதவில் கண்ணாடித் துவாரம் உடைந்துவிட்டது, கேனைச் சாய்க்கிறார்கள் என்று இஸ்மாயில் எழுதினான். அப்புறம் எழுத்துகள் தப்பும் தவறுமாக வந்தன.

"மூச்சு முட்டுது அண்ணே. எம் பொண்டாட்டிகிட்ட"

அவ்வளவுதான் வந்தது. அதற்கும் அந்த மெஷின் தனக்குத் தெரியாது என்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று வரி அடித்தார். அந்தப் பக்கம் எழுத்து வரவில்லை.

சவரிமுத்து திரும்பி என்னைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் ஒரு விஷயத்துக்கும் அவர் என்னை யோசனை கேட்டதில்லை. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கியதுகூட வந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

"லலிதா, என்ன செய்ய?"

"ஆஃப் பண்ணுங்க."

"ஜம்பு இருக்காம்லா."

"இஸ்மாயிலு செத்துட்டிருக்கான். ஆஃப் பண்ணுங்கங்கறேன்."

அடித்தார். உறுதிதானா என்று உள்ளாள் கேட்டது. ஆம் என்பதற்கு ஓர் எழுத்து. அதையும் அடித்தார். அடுத்த நொடி நீல விளக்கை அணைத்தார். கதவு மெஷின் அணைந்தது என்று ஒரு வரி வந்தது. இஸ்மாயிலின் திரையில் ஒன்றும் அசையவில்லை. அரை நிமிடம் கழித்து அந்த சர்வரின் மூடி திறக்கப்பட்டது, பக்கத்து சர்வர் பதில் இல்லை, அதற்கடுத்தது பதில் இல்லை. பிறகு லைனே அறுந்துவிட்டது. மோடம் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது.

இஸ்மாயில் பிழைத்தான். விளக்கு அணைந்ததைப் பார்த்தானாம், தரையில் கிடந்தபடி. தவழ்ந்துபோய்ப் பின்கதவைத் தலையால் முட்டியிருக்கிறான். கீழ்க் கேட் பூட்டியிருந்ததால் முதல் மாடித் திருப்பத்திலிருந்து குதித்து, கணுக்கால் ஒடிந்து, பின்னால் இருந்த சோளக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் சவரிமுத்துவின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவர் காலை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜம்புவின் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. உள்ளே காக்கிச் சட்டை தெரிந்திருக்கிறது. இழுத்து வெளியே போட்டு, கம்பியால் அடித்திருக்கிறார்கள். கம்பி கிடைக்காதவர்கள் ரேக்கிலிருந்து பிடுங்கிய சர்வர்களைத் தூக்கித் தலையில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இருபது கிலோ. தாடை தனியாகிவிட்டது. போலீஸ் வந்தது பதினோரு நிமிடம் கழித்து. நாலாவது நாள் இறந்துபோனார்.

கம்பெனியும் போலீஸும் விசாரித்தார்கள். இரும்புப் பெட்டி நெருப்பில் வெந்து, கதவு மெஷின் உருகிப்போயிருந்தது. தப்பி ஓடலாம் என்று நினைத்து ஜம்புவே கதவைத் திறந்திருக்கிறார் என்று எழுதி முடித்தார்கள். பின்கதவை மட்டும் சவரிமுத்து எப்படியோ திறந்து ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று எல்லோரும் நம்பினார்கள். எந்தப் பூட்டு எதோடு சேர்ந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் எனக்கு. மகாதேவன் கூட்டம் போட்டு, நாலு வார்த்தை பேசி, ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல்படியில் வைத்து, சுத்தியலால் தூளாகும்வரை அடித்தார். நான் தடுக்கவில்லை.

அந்த ஒரு மாதம் அவர் அடித்த அடி அதற்கு முன்னால் மொத்தமாக அடித்ததைவிட அதிகம். ரயில்வே கேட்டில் ஹாரன் அடித்த ஆட்டோக்காரன் ஒருவனுக்கு விலா ஒடிந்தது. டீக்கடையில் கொதிக்கும் பால் சட்டியைக் கவிழ்த்து இரண்டு பேருக்குக் கால் வெந்தது. போலீஸ் பிடித்து ஒரு நாள் முழுக்க வைத்து, லத்தியால் முதுகை உரித்து அனுப்பியது. நான் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, யாரிடமாவது சொல்லிவிடலாமா என்று கேட்டேன். எதை என்றார். இருவரும் வாயை மூடிக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

ஏப்ரல் கடைசியில், ஒரு காலை வேளையில் சின்னம்மா வந்தாள். ஒரு கையில் நாலடுக்குத் தூக்குச்சட்டி நிறைய இட்லி. அடுத்த கையில் கம்பெனியிலிருந்து வந்த கடிதம். இங்கிலீஷில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகாதேவன் ஆபீஸ்வரை ஆள் தேடினேன், நீதான் தமிழில் படித்துச் சொல்வாய் என்று வந்தேன் என்றாள். காசு வேண்டாம் என்று சொல்லி நான் என்றைக்கோ அவள் பிள்ளைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தேன், அந்த நம்பிக்கை.

வாங்கிப் படித்தேன். காவலாளி விதிகளை மீறி, பாதுகாப்பான அறையின் கதவைத் தானே திறந்ததால் இது நடந்தது, கம்பெனி வருந்துகிறது என்று இருந்தது. அதை அப்படியே தமிழில் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"இன்னாத்துக்குத் தொறந்தாரு? உள்ளயே குந்தினு இருந்தா உசுரோட இருந்திருப்பாரே. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. புத்தி கெட்ட மனுசன், தானே போயி தலயக் குடுத்துட்டான்."

உள் அறையிலிருந்து சவரிமுத்து வந்தார். பனியனோடு, முதுகில் பற்றோடு.

"அவன் திறக்கல சின்னம்மா. நாந்தாம் திறந்தேன். இங்க இருந்தே."

அவளுக்குப் புரிய வைக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. மூன்று கதவு, ஒரு மெஷின், இஸ்மாயில், புகை. ஜம்பு உள்ளே இருப்பது தெரிந்தேதான் திறந்தேன் என்பதையும் விடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் தூக்குச்சட்டியைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் பனியனில் கொட்டியது. அடுக்கு கழன்று இட்லி வீடெங்கும் சிதறியது. இரும்புக் கம்பிப் பிடியோடு மிச்சமிருந்த அடுக்கால் தலையில், காதில், தோளில் அடித்தாள். அவர் கையைத் தூக்கவே இல்லை. முகத்தை மறைக்கக்கூடத் தூக்கவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின. கண்ணுக்கு மேலே கிழிந்து, ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது.

அவள் ஓய்ந்துபோய், மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எவன் சொன்னான் ஒன்ன தொறக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல," என்றார். "நானாத்தான் செஞ்சேன்."

என் பக்கம் அவர் திரும்பவில்லை. நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. பயமா, இல்லை அவரே ஏற்றுக்கொண்டாரே என்ற நிம்மதியா என்று கேட்டால், நிம்மதிதான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சின்னம்மா அடுக்குகளைப் பொறுக்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு கொலகாரனோட எப்பிடிம்மா குடும்பம் நடத்தற, நீ நல்லவளாச்சே என்று சொல்லி, என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுப் போனாள்.